எம்டன் முதல் ஆளில்லா விமானம் வரை

மலர்க் குழு நண்பர்கள் முதலில் என்னிடம் கேட்டது, "நீங்க முள்ளிப்பட்டுக்காரர்தானே, பட்டு நெசவைப் பத்தி ஒரு கட்டுரை கொடுங்களேன்" என்றுதான். அதை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இன்றும் தறியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, வேறொரு பொருளை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நம் ஊரிலிருந்து அரக்கோணத்துக்கு நேர்க்கோடு போட்டால் சுமார் 60 கிலோமீட்டர். அங்கேயுள்ள கடற்படை விமானத் தளத்தில் 2020 நவம்பர் முதல் ஆளில்லா விமானங்கள் ஏறி இறங்கி வருகின்றன. பக்கத்திலேயே நடக்கிற இந்தச் சங்கதி நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பின்போது தலைக்கு மேலே 'ஙொய்' என்று சுற்றுகிறதே, அதன் பெரிய அண்ணன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு. கல்யாண வீட்டு ட்ரோன் அரை மணி நேரத்தில் மின்கலம் தீர்ந்து இறங்கிவிடும். நான் சொல்லும் வகை ஒரு பகல், ஒரு இரவு, அதற்கு மேலும் வானத்திலேயே நிற்கும். உயரத்தில் நெடுநேரம் நிற்பது என்ற அந்த ஒரே காரியத்துக்காகவே பிறந்த விமானம் அது.

அது ஏன் நம் கரைக்கு வந்து சேர்ந்தது என்பதற்குச் சரித்திரத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1914 செப்டம்பர் 22, இரவு. ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக் கரைக்கு எதிரே வந்து நின்றது. அரை மணிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் இரண்டு பற்றி எரிந்தன. கரையிலிருந்த பீரங்கிகள் சுதாரிப்பதற்குள் விளக்கை அணைத்துக்கொண்டு கப்பல் இருட்டில் மறைந்துவிட்டது. "அவன் பெரிய எம்டன்டா!" என்று நம் பாட்டிமார்கள் சொன்னதெல்லாம் அந்த ஒரு ராத்திரியின் மிச்சம்தான். இதில் கவனிக்க வேண்டியது குண்டுகளின் கணக்கை அல்ல. அதற்கு முன்பே பத்து நாளுக்கு மேல் எம்டன் வங்கக் கடலில் திரிந்து வணிகக் கப்பல்களைப் பிடித்து மூழ்கடித்துக்கொண்டிருந்தது. இருந்தும் அது எங்கே இருக்கிறது என்று கரையில் ஒருவருக்கும் தெரியவில்லை!

தெரியாமல் போனதற்குக் காரணம் பூமி உருண்டையாக இருப்பது. 20 மீட்டர் உயரக் கொடிமரத்தில் ஏறி நின்று பார்த்தாலும் கடல் மட்டம் சுமார் 16 கிலோமீட்டரோடு வளைந்து கீழே போய்விடும். அதற்கு அப்பால் கடல் மட்டத்தில் இருக்கும் எதுவும் தெரியாது. உயர ஏற ஏற அடிவானம் விலகும். 12 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனால் அது 390 கிலோமீட்டர் தூரத்துக்கு நகர்ந்துவிடும். அரக்கோணத்துக்கு மேலே அந்த உயரத்தில் நின்றால் தெற்கே திருச்சி, மேற்கே பெங்களூரு, வடக்கே ஓங்கோல் மூன்றும் அடிவானத்துக்கு உள்ளேயே அடங்கிவிடும். அங்கிருந்து கேமராவில் ஆளைப் பார்க்கலாம் என்று அர்த்தமில்லை, ஆனால் ரேடார் அலையை மறிக்க நடுவில் பூமி இருக்காது. மாணவர்கள் இந்தக் கணக்கை நோட்டில் போட்டுப் பார்க்கலாம். பித்தாகரஸ் தேற்றம் போதும்.

அடுத்த பயம் 1942-இல் வந்தது. ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்துவிட்டன. இலங்கையின் தென்கரையில் உள்ள கொக்கலையிலிருந்து கனடா நாட்டு விமானப்படையின் கேட்டலினா ரகக் கடல் விமானங்கள் ரோந்து போய்க்கொண்டிருந்தன. கேட்டலினா வேகமானதல்ல. ஆனால் நாள் முழுக்கப் பறக்கும். ஏப்ரல் 4-ஆம் தேதி விடியுமுன்னே கிளம்பிய லியோனார்டு பிர்ச்சால் என்ற விமானி, ரோந்தின் கடைசிக் கட்டத்தில் மாலை வேளையில் தெற்கே அடிவானத்தில் சில புள்ளிகளைக் கண்டார். உறுதிப்படுத்திக்கொள்ள நெருங்கிப் போனார். அது முழுக் கடற்படை! வானொலியில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானியப் போர் விமானங்கள் கேட்டலினாவைச் சுட்டு வீழ்த்தின. அதிலிருந்த 9 பேரில் 3 பேர் இறந்தார்கள். மீதி 6 பேர் போர் முடியும்வரை ஜப்பானில் கைதிகள். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு தாக்கப்பட்டது. ஆனால் எச்சரிக்கை முன்கூட்டியே கிடைத்துவிட்டது. ஏப்ரல் 6-ஆம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு ஆளாயின. சென்னையைக் காலி செய்துகொண்டு ஜனங்கள் உள்ளூர்களுக்கு ஓடிய ஏப்ரல் அதுதான். 'எவாகுவேஷன்' என்று வயதானவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

அந்த 9 பேரின் கதையை நான் விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கடலைப் பார்ப்பதற்குக் கொடுத்த விலை அது. கண்டு சொன்னவன் திரும்பி வரவில்லை.

கேட்டலினாவைப் பற்றி இன்னொரு விஷயம். 1943 முதல் 1945 வரை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் அதே கொக்கலைக்கும் இடையே குவாண்டாஸ் நிறுவனம் இந்த விமானங்களைத் தபாலுக்கும் பயணத்துக்கும் ஓட்டியது. ஒரு தடவை போக 27 முதல் 33 மணி நேரம். ஒரே பயணத்தில் இரண்டு தடவை சூரிய உதயம் பார்ப்பார்கள்! எரிபொருளுக்கே எடை சரியாகிவிடுவதால் 3 பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாது. மனிதனை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பறப்பதன் எல்லையை அன்றே தொட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம். விமானம் தாங்கும், உள்ளே இருப்பவன் தாங்க வேண்டுமே!

அரக்கோணத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் அங்கே கிடந்தது. அதைப் பெரிதாக்கி, 4 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ளதாக ஆக்கி, 1992 மார்ச்சில் கடற்படைத் தளமாக அன்றைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் தொடங்கி வைத்தார். ஐ.என்.எஸ். ராஜாளி என்று பெயர். ராமநாதபுரம் உச்சிப்புளியில் உள்ள தளத்துக்குப் பெயர் ஐ.என்.எஸ். பருந்து. இரண்டுமே நம் தமிழ்ப் பறவைகள். பெயர் வைத்தவர் யாரோ, நல்ல ரசனைக்காரர்.

ராஜாளிக்கு முதலில் வந்தவை ரஷ்யாவின் டியு-142 விமானங்கள். நான்கு பெரிய எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரட்டை விசிறிகள். உலகிலேயே மிக அதிகச் சத்தம் போடும் விமானங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது அது. அரக்கோணத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். பத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே உட்கார்ந்து பத்து மணி நேரத்தைத் தாண்டிப் பறப்பார்கள். 2017 மார்ச்சில் அவற்றுக்கு ஓய்வு கொடுத்தார்கள். அதற்கு முன்பே 2013-இல் அமெரிக்க பி-8ஐ விமானங்கள் வந்துவிட்டன. 2008 நவம்பரில் கடல் வழியாக வந்து மும்பையைத் தாக்கிய பிறகு, கடலைப் பார்ப்பதில் நமக்கு ஓட்டை இருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்துவிட்டிருந்தது. பி-8 மிகச் சிறந்த விமானம்தான். நீர்மூழ்கியையே தேடிப் பிடிக்கும். ஆனால் கரையிலிருந்து 1,200 கடல் மைல் தூரம் போனால், அந்த இடத்தில் அது நிற்கக்கூடியது சுமார் 4 மணி நேரம்தான். அப்புறம் திரும்ப வேண்டும். அது திரும்பும் நேரத்தில் கடலை யார் பார்ப்பது?

இந்தக் கேள்விக்குப் பதில் ஓர் இரும்புப் பட்டறையில் கிடைத்தது மாதிரி, அமெரிக்காவில் ஒரு வீட்டின் கார் கொட்டகையில் கிடைத்தது. ஏப்ரகாம் கரேம் பாக்தாதில் பிறந்தவர். இஸ்ரேலில் விமானப் பொறியாளராக வளர்ந்து, 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். லாஸ் ஏஞ்சலஸ் வீட்டுக் கொட்டகையில் அவர் செய்த ஆளில்லா விமானத்துக்கு வைத்த பெயர் 'அல்பட்ராஸ்'. சிறகை அடிக்காமலே பல நாள் கடல்மேல் மிதந்து திரியும் பறவை அது. சிறகு மூன்றரை மீட்டர் விரியும், ஆனால் ஒடுக்கமானது. (ராஜாளியில் டியு-142 பறக்கவிட்ட 312-ஆம் அணிக்கும் அல்பட்ராஸ் என்றே பெயர். தற்செயல்தான், ஆனாலும் பொருத்தம்.) அடுத்து அவர் செய்த 'ஆம்பர்' 1988-இல் 38 மணி நேரத்துக்கு மேல் பறந்தது. சாதனை பெரிது, ஆனால் வாங்க ஆளில்லை. கரேமின் கம்பெனி நொடித்தது. ஜெனரல் அட்டாமிக்ஸ் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. அங்கிருந்து 1994-இல் 'பிரிடேட்டர்' பறந்தது. அதன் பெரிய தம்பி 'எம்.கியூ-9'. அரக்கோணத்துக்கு வந்தது அந்தக் குடும்பம்தான்.

இனி இதன் உடலமைப்பைக் கொஞ்சம் பார்ப்போம். இந்தப் பகுதி நம் ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகவே புரியும்.

12 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் கால் பங்கு. 18 கிலோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 56 டிகிரி. இந்த மெல்லிய காற்றில் கொஞ்ச எரிபொருளை வைத்துக்கொண்டு நெடுநேரம் நிற்க வேண்டுமானால், சிறகு நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்க வேண்டும். சிறகின் நுனியில் காற்று சுழன்று கீழே இழுக்கும் இழுவை நீளச் சிறகில் குறைவு. அல்பட்ராஸ் பறவை சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான். எம்.கியூ-9பி விமானத்தின் உடல் நீளம் 11.7 மீட்டர். சிறகோ 24 மீட்டர்! நம் பட்டுப்புடவை நாலை நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாக விரித்தாற்போல. நீளமான சிறகு வளையும். வளையாமல் இருக்கக் கனமாகச் செய்தால் எடை கூடும். எடை கூடினால் நேரம் குறையும். இந்தச் சிக்கலை அவிழ்த்தது ஒரு இழை.

கார்பன் இழை. பட்டுக்கூட்டிலிருந்து உரிக்கும் இழையைவிட மெல்லியது, ஒரு மில்லிமீட்டரில் நூற்றைம்பதில் ஒரு பங்கு. ஆயிரக்கணக்கான இழைகளைச் சேர்த்து நூலாக்கி, அதைப் பாவு ஊடை போட்டுத் துணியாகவே நெய்கிறார்கள். அல்லது ஊடையே இல்லாமல் பாவு மட்டும் விரித்தது போல ஒரே திசையில் பரப்புகிறார்கள். பிசின் ஊற்றி, அடுக்கடுக்காக வைத்து, அழுத்தக் கலத்தில் வேகவைத்தால் இரும்பை மிஞ்சும் பலகை. எந்தத் திசையில் பளு வருமோ அந்தத் திசையில் இழையை ஓட விட வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம். ஒரு இழை தப்பினால் பலகையின் பலம் போச்சு. முள்ளிப்பட்டில் பாவு பிணைக்கிற எந்த அம்மாவுக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை.

மீதி உறுப்புகள் எல்லாம் அந்தக் காரியத்தை ஒட்டியே அமைந்தவை. எஞ்சினும் விசிறியும் வாலில், தள்ளுகிற மாதிரி. அப்போதுதான் மூக்கு காலியாக இருக்கும். தலைப்பாகை கட்டினாற்போல் மூக்கு உப்பியிருப்பது ஏன் என்று பலர் கேட்பார்கள். உள்ளே செயற்கைக்கோளைப் பார்த்தபடி திரும்பும் தட்டு ஆன்டெனா இருக்கிறது. விமானி பூமியில் எங்கேயோ ஒரு அறையில். அவர் கையசைவு 36,000 கிலோமீட்டர் மேலே போய் இறங்கி விமானத்துக்கு வரக் கால் வினாடி. விமானம் காட்டும் படம் அவருக்குத் திரும்ப இன்னொரு கால் வினாடி. நடு வானில் அரை வினாடி பெரிய விஷயமில்லை; தரையிறங்கும்போது அது உயிர்போகும் தாமதம். அதனால் பழைய ரகங்களில் ஏற்றி இறக்க மட்டும் ஓடுதளத்துப் பக்கத்திலேயே தனிக் குழு உட்கார்ந்திருக்கும். எம்.கியூ-9பி தானாகவே ஏறி இறங்கும்படி செய்யப்பட்டது.

இங்கே ஒரு வகைப்பாட்டுத் தகராறு. நம் கடற்படை இதை 'அதிக உயரத்தில் நெடுநேரம் பறக்கும்' வகை என்கிறது. 40,000 அடிக்கு மேல் போகும் என்பதால். மேல்நாட்டு நூல்களில் பல இதை நடுத்தர உயரம் என்றே வைக்கின்றன. அவர்கள் கணக்கில் அதிக உயரம் என்றால் 60,000 அடி. அதற்கு உதாரணம் 'குளோபல் ஹாக்'. 1998-இல் முதலில் பறந்தது. ஜெட் எஞ்சின், பிந்திய ரகத்தின் சிறகு ஏறக்குறைய 40 மீட்டர், நாம் பயணம் செய்யும் போயிங் 737 விமானத்தின் சிறகைவிட நீளம். 2001 ஏப்ரலில் கலிஃபோர்னியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஆளில்லாமல், நிற்காமல் பசிபிக்கைக் கடந்தது. அதற்கும் முன்னோடி போயிங் செய்த 'காண்டர்'. 61 மீட்டர் சிறகோடு 1989-இல் 67,000 அடி தொட்டது. அதையும் வாங்க ஆளில்லாமல் அருங்காட்சியகத்துக்குப் போனது. என்னைக் கேட்டால் அடிக்கணக்கில் சண்டை போட வேண்டியதில்லை. உயரம் தூரத்தைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். இந்த விமானத்தின் அருமை நேரத்தில் இருக்கிறது.

2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் மோதல் நடந்த பிறகு, அவசரக் கொள்முதல் அதிகாரத்தைப் பயன்படுத்திக் கடற்படை இரண்டு 'சீ கார்டியன்' விமானங்களை வாடகைக்கு எடுத்தது. ஆமாம், வாடகைக்கு! ஆயுதம் இல்லாமல், கண்காணிப்புக்கு மட்டும். நவம்பரில் ராஜாளியிலிருந்து பறக்கத் தொடங்கின. ஒரு வருட ஒப்பந்தம் பிறகு நீட்டிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் 10,000 மணி நேரத்துக்கு மேல் பறந்துவிட்டன.

என்ன வேலை செய்தன? ஒரு உதாரணம் போதும். ரூயென் என்ற சரக்குக் கப்பலைச் சோமாலியக் கொள்ளையர் 2023 டிசம்பரில் பிடித்து, அதையே தாய்க்கப்பலாக வைத்துக் கொள்ளையடிக்கக் கிளம்பியிருந்தார்கள். 2024 மார்ச்சில், இந்தியக் கரையிலிருந்து சுமார் 2,600 கிலோமீட்டர் தூரத்தில், ஐ.என்.எஸ். கொல்கத்தா அதை மறித்தது. கப்பலிலிருந்து அனுப்பிய சிறிய ட்ரோனைக் கொள்ளையர் சுட்டு வீழ்த்தினார்கள். பெரியது எட்டாத உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தது. பி-8ஐ விமானமும் வந்தது, சி-17 விமானத்திலிருந்து கடற்படை அதிரடி வீரர்கள் பாராசூட்டில் குதித்தார்கள். 40 மணி நேரம் நடந்தது. 35 கொள்ளையர் சரணடைய, 17 மாலுமிகள் காயமில்லாமல் மீட்கப்பட்டார்கள். 40 மணி நேரமும் கண் எடுக்காமல் பார்க்க வேண்டிய வேலை. இதை மனிதனை ஏற்றிய ஒரே விமானத்தால் செய்யவே முடியாது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலைப் புரட்டிப் போட்டது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிப்பவர்கள். கரை திரும்பச் சொல்லும் செய்தி அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவே இல்லை. கப்பல்கள் தேடின, ராஜாளியின் பி-8ஐ விமானங்களும் தேடின. ஆனால் "கிட்டத்திலேயே தேடறீங்க, எங்க ஆளுங்க போன எடம் இன்னும் தூரம்!" என்று உறவினர்கள் கதறினார்கள். டிசம்பர் 7-ஆம் தேதி குழித்துறையில் ரயில் பாதையில் உட்கார்ந்தார்கள். பிறகு மீனவர்களையே வழிகாட்டிகளாகக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கவிழ்ந்த படகின் அடியைப் பிடித்துத் தொங்குகிறவனுக்கு மேலே நாலு மணி நேரம் நிற்கும் கண்ணுக்கும் முப்பது மணி நேரம் நிற்கும் கண்ணுக்கும் உள்ள வித்தியாசம் உயிர். ராணுவ விமானம் என்று பெயர் இருந்தாலும், நம் கரைக்கு இதன் முதல் வேலை இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் வரலாறு எழுதியதாக ஆகாது. 2001 பிப்ரவரியில் பிரிடேட்டரிலிருந்து ஹெல்ஃபயர் ஏவுகணையைச் சோதித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஆஃப்கானிஸ்தானில் அதைப் பயன்படுத்திவிட்டார்கள். நெவாடா பாலைவனத்தில் ஒருவர் காலையில் வேலைக்கு வந்து, உலகின் மறுகோடியில் ஒரு வீட்டின் மேல் குண்டு போட்டுவிட்டு, மாலையில் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு சாப்பிட முடியும் என்றாயிற்று. தவறான வீடுகளும் இடிந்தன. பார்க்கப் பிறந்த கண்ணுக்கு முளைத்த கை இது. நமக்கு இது தூரத்துக் கதையும் அல்ல. இலங்கை விமானப்படை 1996 முதல் இஸ்ரேலிய ஆளில்லா விமானங்களைப் பயன்படுத்தியது. இன்றைய விமானங்களோடு ஒப்பிட்டால் அவை சின்னவை, தாழப் பறப்பவை. இயந்திரச் சத்தத்தை வைத்து வன்னி மக்கள் அதற்கு 'வண்டு' என்று பெயர் வைத்தார்கள். வேவு விமானம் என்றும் சொல்வார்கள். வண்டு சுற்றினால் பின்னாலேயே கிபிர் வரும், பதுங்கு குழிக்கு ஓடு என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். மேலேயிருந்து பார்ப்பவனின் வரலாற்றை மட்டும் எழுதினால் போதாது. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தவர்கள் வைத்த பெயரும் இந்த வரலாற்றில் சேர வேண்டும்.

நாம் வாங்கப் போவதிலும் கை உண்டு. 2024 பிப்ரவரியில் அமெரிக்க அரசு தன் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிவிப்பில் 31 விமானங்களோடு 170 ஹெல்ஃபயர் ஏவுகணைகளும் இருந்தன. ஒப்பந்தம் 2024 அக்டோபர் 15 அன்று கையெழுத்தானது. சுமார் 350 கோடி டாலர். கடற்படைக்கு 15, தரைப்படைக்கும் விமானப்படைக்கும் தலா 8. 2029-லிருந்து வந்து சேர வேண்டும் என்பது ஏற்பாடு; ராஜாளி அவற்றின் தளங்களில் ஒன்று. சொந்தமாக ஏவுகணை சுமந்தாலும், பாதுகாப்பு பலமாக உள்ள வானத்தில் இவை பிழைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெதுவானவை, பெரியவை. 2019 ஜூனில் ஈரான் ஒரு குளோபல் ஹாக்கையே வீழ்த்தியது. ஏமனின் ஹூதிகள் 2023-க்குப் பிறகு எம்.கியூ-9 விமானங்களைப் பத்துக்கும் மேல் வீழ்த்திவிட்டார்கள். சுட ஆளில்லாத திறந்த கடல்தான் இவற்றுக்கு ஏற்ற இடம்.

கடலிலும் விபத்து உண்டு. ஒப்பந்தத்துக்கு ஒரு மாதம் முன்பு, 2024 செப்டம்பர் 18 அன்று, வாடகை விமானங்களில் ஒன்று வழக்கமான கண்காணிப்பின்போது பழுதாகி, பறக்கும்போதே சரிசெய்ய முடியாமல் போனது. கடல்மேல் ஆபத்தில்லாத இடத்துக்குக் கொண்டுபோய், சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில் இறக்கினார்கள். கோடிக்கணக்கில் நஷ்டம். ஆனால் உள்ளே யாரும் இல்லை. பிர்ச்சாலின் 9 பேரை நினைத்துக்கொண்டால் இந்தச் செய்தியின் அர்த்தம் வேறு மாதிரி தெரியும்.

நம்மால் இதைச் செய்ய முடியாதா என்று மாணவர்கள் கேட்க வேண்டும். முயன்றோம். பெங்களூரில் உள்ள விமான மேம்பாட்டு நிறுவனம் 'ருஸ்தம்' வரிசையைத் தொடங்கியது. விஞ்ஞானி ருஸ்தம் தமானியாவின் நினைவாக வைத்த பெயர். அதன் பெரிய ரகம் பிறகு 'தபஸ்' ஆயிற்று. தவம் என்று பொருள். 2016 நவம்பரில் கர்நாடகத்தின் சித்ரதுர்கா சோதனைத் தளத்தில் முதலில் பறந்தது. உள்ளிழுத்துக்கொள்ளும் சக்கர அமைப்பைச் செய்துகொடுத்தது நம் ஆவடியில் உள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம். 2023 ஜூனில் அதன் கட்டுப்பாட்டைத் தரைநிலையத்திலிருந்து கடலில் நின்ற ஐ.என்.எஸ். சுபத்ரா கப்பலுக்கு மாற்றிக் காட்டினார்கள். அது சின்னக் காரியமல்ல. ஆனால் முப்படைகள் கேட்டது 30,000 அடி, 24 மணி நேரம். தபஸ் எட்டியது 28,000 அடி, 18 மணி நேரத்துக்குச் சற்று மேல். எடை திட்டத்தைவிடக் கூடிப்போயிருந்தது. 2023 ஆகஸ்டில் ஒன்று விளைநிலத்தில் விழுந்தது. 2024 ஜனவரியில் முன்னுரிமைத் திட்டங்களின் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள்.

2,000 அடியும் ஆறு மணி நேரமும்தான் குறை என்று சொல்லலாம். ஆனால் கடைசி ஆறு மணி நேரம்தான் இந்த விமானத்தின் உயிர் என்பது படித்துக்கொண்டு வந்த உங்களுக்கே இப்போது தெரிந்திருக்கும். எடையைக் குறைக்க இழை வேண்டும், தரமான கார்பன் இழையை நாம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்திருக்கிறோம். சக்தியைக் கூட்ட எஞ்சின் வேண்டும், அதிலும் அதே கதை. இயந்திரவியலும் வேதியியலும் படிக்கிற தம்பி தங்கைகள் இந்த இரண்டையும் குறித்துக்கொள்ளட்டும்.

பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வுக்கூடம் இதற்கிடையில் வேறொரு வழியில் போய்க்கொண்டிருக்கிறது. எரிபொருளே இல்லாமல், சிறகு முழுக்கச் சூரியத் தகடு பதித்து, 20 கிலோமீட்டர் உயரத்தில் 90 நாள் நிற்கும் விமானம் என்பது அவர்களது குறி. சிறிய மாதிரி ஒன்றை 2024 பிப்ரவரியில் சித்ரதுர்கா மாவட்டத்துச் சள்ளக்கெரெயில் பறக்கவிட்டார்கள். சிறகு 12 மீட்டர், மொத்த எடை 23 கிலோ, ஒரு அரிசி மூட்டைகூட இல்லை. 3 கிலோமீட்டர் உயரம் போய் எட்டரை மணி நேரம் பறந்தது. பகலில் சேர்த்த மின்சாரத்தைக் கொண்டு இரவு முழுக்கத் தாங்கும் மின்கலத்தை எடை கூடாமல் செய்வதுதான் இதில் பெரிய வேலை.